டேங்க் வேர்த்த வெள்ளிக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதறேன். நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம, வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி இருப்பீங்கன்னு நெனச்சுக்கிட்டுத்தான் பேனாவைத் தொட்டேன். இங்க நாங்க ரெண்டு பேரும் சொகமா இருக்கோம்னு எழுதினா பாதி உண்மை, அதனால இருக்கோம்னு மட்டும் எழுதறேன். அம்மாவுக்கு முட்டி வலி மாடி ஏறும்போது வருது, இறங்கும்போது வர்றதில்ல, அதனால வீட்டையே கீழ மாத்திட்டா வலி போயிடும்னு அவளே வைத்தியம் சொல்லிக்கறா. பின் ரூம்ல மழைத்தண்ணி ஒழுகின இடத்தை உன் தம்பி சிமெண்ட் பூசி அடைச்சான், இப்ப அதுக்குப் பக்கத்துல ஒழுகுது. முப்பத்தாறு வயசு ஆனவளை இன்னும் பாப்பான்னு எழுதறேனேன்னு நீ சிரிப்ப, சிரிச்சுக்கோ, இந்தக் கடிதத்துல வேற எங்கயும் சிரிக்க இடம் கிடைக்குமான்னு தெரியல. போன் இருக்கும்போது எதுக்குக் கடிதம்னு நீ கேப்ப. உன் அம்மா ஸ்பீக்கர் போடாம பேசமாட்டா, நம்ம வீட்டு விஷயம் எதிர் வீட்டு நாய்க்குக்கூட மனப்பாடம். அது ஒரு காரணம். இன்னொரு காரணம், இதை வாயால சொன்னா பாதியில நிறுத்திடுவேன், காகிதத்துல நிறுத்தினா நிறுத்தின இடம் தெரியும், அந்த வெட்கத்துலயாவது முடிப்பேன்னு பாக்கறேன்.

உன் தம்பி பழைய கார் ஒண்ணு வாங்கியிருக்கான். ஓடுது. ஆனா ரிவர்ஸ் எடுக்கும்போது பீப் பீப்புன்னு ஒரு சத்தம் வருது, அவன் வாசல்ல வண்டியைத் திருப்பினாலே நான் எழுந்து பின்பக்கம் போயிடறேன். நம்ம பழைய ஃப்ரிட்ஜ் கதவு சரியா மூடலன்னா கத்துமே, அதை நான் ஸ்க்ரூ டிரைவர் எடுத்து ஒரு நிமிஷத்துல ஊமையாக்கினது உனக்கு ஞாபகம் இருக்கும். ஊமையாக்கிட்டு அன்னைக்கி முழுக்க அந்த ஃப்ரிட்ஜைத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டு இருந்தேன். இவருக்கு வயசாகுதுன்னு அம்மா சொன்னா, நானும் அதையே வெச்சு ஓட்டிட்டேன். போன வருஷம் ரெண்டாவது தடவையும் உனக்குக் கரு நிக்கலன்னு போன் பண்ணி அழுதப்போ, உன் அம்மா பதறிப்போய் நீ எதையாவது தூக்கினியா, பஸ்ல போனியா, மாடி ஏறினியான்னு கேட்டுக்கிட்டே போனா. நான் செருப்பை மாட்டிக்கிட்டு வெளியே போயிட்டேன். பொம்பளைங்க பேச்சு, அப்பா கூச்சப்படறாருன்னு நீ நெனச்சிருப்ப. கூச்சம் இல்ல பாப்பா. அந்தக் கேள்வியை அதுக்கு முன்னாடியே ஒருத்தர் தனக்குத்தானே கேட்டுக்கறதை நான் கேட்டிருக்கேன், அதுக்குப் பதில் தெரிஞ்சும் வாயைத் திறக்காம நின்னிருக்கேன்.

நீங்க இருக்கற ஊர்ல குழந்தைப்பேறு வைத்தியத்துக்கு வரிசை ரெண்டு வருஷம்னு சொல்லிட்டாங்க, அதனால வேற நாட்டுக்குப் போய்ப் பண்ணிக்கப் போறோம்னு நீ சொன்னதும், மூணு ஆஸ்பத்திரி பேரைப் படிச்சதும் எனக்கு வரிவிடாம ஞாபகம் இருக்கு. முதல் தடவை போய்க் கருவை உருவாக்கி உறைய வெச்சுட்டு வரணும், மூணு மாசம் கழிச்சுத் திரும்பிப் போய் உள்ள வெச்சுக்கணும். ஒண்ணு கண்ணாடிக் கட்டடம், சுவரெல்லாம் பிறந்த குழந்தைங்க படம், போன் ரெண்டாவது மணி அடிக்கறதுக்குள்ள எடுக்கறாங்க. ரெண்டாவது உன் ஆபீஸ் சிநேகிதி போன இடம், ஏர்போர்ட்ல இருந்து அவங்களே கூட்டிட்டுப் போய்த் தங்க வெச்சு அனுப்பறாங்க. மூணாவது பழைய கட்டடம், கடுகடுன்னு பேசற ஒரு ரிசப்ஷன் அம்மா, மெயில் போட்டா நாலு நாள் கழிச்சுத்தான் பதில். அந்த மூணாவது இடத்துல நீ ஏதோ கேட்டதுக்கு, எங்ககிட்ட ஒரு தடவை டேங்க் பழுதாகிக் கரு கெட்டுப்போனது உண்டுன்னு அந்த அம்மாவே சொன்னதாகவும், கேட்டதும் பயந்து போய் அதை லிஸ்ட்ல இருந்து அடிச்சுட்டதாகவும் சொன்ன. அப்பறம்தான் அதைக் கேட்ட. அப்பா, நீங்க அந்த மாதிரி ஆஸ்பத்திரியில வேலை பாத்தீங்களே, எதைப் பாத்து முடிவு பண்ணணும்னு. நான் சிக்னல் சரியில்லன்னு சொல்லி போனை அம்மாகிட்ட குடுத்துட்டேன். சிக்னல் நல்லாத்தான் இருந்தது.

நீ காலேஜ் கடைசி வருஷம் படிக்கும்போது நான் அந்தக் குழந்தைப்பேறு ஆஸ்பத்திரியில ஏசி மெக்கானிக். ஏசின்னு பேரு, ஜெனரேட்டர், தண்ணி மோட்டார், லிஃப்ட் நின்னுபோனா கதவைப் பிளக்கறது எல்லாம் நான்தான். லேப்புக்கு உள்ள ஒரு சின்ன ரூம்ல என் இடுப்பு உயரத்துக்கு அலுமினிய டேங்க் ஒண்ணு இருந்தது. பால் கேனைக் கொஞ்சம் பெருசா பண்ணின மாதிரி இருக்கும். அதுக்குள்ள திரவ நைட்ரஜன். நீளக் கைப்பிடி வெச்ச ஆறு தூக்கு அதுல தொங்கும், ஒவ்வொரு தூக்குலயும் மெல்லிசு மெல்லிசா குழல், அந்தக் குழலுக்குள்ளதான் அவங்கவங்க கரு. மூடியைத் திறந்தா வெள்ளைப் புகை தரையில இறங்கி ஓடும். வாரத்துக்கு ரெண்டு நாள் நைட்ரஜன் ஊத்தறது என் வேலை. ஒரு மரக்குச்சியை உள்ள விட்டு எடுத்தா எது வரைக்கும் பனி பிடிச்சிருக்கோ அதுதான் அளவு, அதை நோட்டுல எழுதணும். அளவு குறைஞ்சாலும், டேங்க் மேல்பக்கம் சூடு ஏறினாலும் கத்தறதுக்கு ஒரு அலாரம் உண்டு. அந்த ரூமுக்கு வெளியே, என் ஏசி காத்து நேரா வந்து விழற இடத்துல ஒரு பெஞ்சு. அதுல ஒரு தையல்காரம்மா வந்து உக்காருவாங்க. அப்ப அவங்களுக்கு நாப்பத்தொண்ணு. வரும்போதே ஒரு பை நிறைய சட்டை கொண்டு வந்து, டாக்டர் கூப்பிடற வரைக்கும் பட்டன் வெச்சுக்கிட்டு இருப்பாங்க. அவங்களோடது மூணு கரு அந்த டேங்க்ல இருந்தது. எனக்குக் குளிர் அண்ணன்னு பேர் வெச்சது அவங்கதான். ஒரு நாள் நான் குச்சி விட்டு அளந்துட்டு வெளியே வரும்போது, அண்ணே, உள்ள அவங்களுக்குக் குளிராதான்னு கேட்டாங்க. நான் பெரிய ஆள் மாதிரி, குளிர் குறைஞ்சாத்தாம்மா ஆபத்து, அதுக்குத்தான் நான் இருக்கேன், நீங்க நிம்மதியா வீட்டுக்குப் போங்கன்னு சொன்னேன். அவங்க ஒரு பட்டனை வெச்சு நூலைப் பல்லால கடிச்சு அறுத்துட்டு, அப்ப சரின்னு சொல்லிட்டுப் போனாங்க.

அந்த அலாரம் மார்ச் மாசம் சும்மா சும்மா கத்த ஆரம்பிச்சுது. போய்ப் பாத்தா அளவு சரியா இருக்கும். சென்சார் போயிடுச்சுன்னு நெனச்சோம். காத்திருக்கறவங்க பயப்படறாங்கன்னு மேனேஜர் முணுமுணுத்துக்கிட்டே இருந்தாரு. அந்த வாரம் சனி, ஞாயிறு, திங்கள் மூணு நாளும் ஹாலுக்குப் பெயிண்ட் அடிக்க ஆஸ்பத்திரியை மூடறதா இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம், செவ்வாய்க்கிழமை புதுசு மாட்டிக்கலாம், அது வரைக்கும் கழட்டி வைங்கன்னு சொன்னாரு. நான் ரெண்டு வயரைப் பிரிச்சு டேப் சுத்தி வெச்சேன். அப்ப பாத்தேன், டேங்க்கோட கழுத்துக்குக் கீழ வெளிப்பக்கம் வேர்த்திருந்தது. பாப்பா, நல்ல டேங்க் வெளியே வேர்க்கக்கூடாது. வேர்த்தா உள் சுவருக்கும் வெளிச் சுவருக்கும் நடுவுல காத்துப் புகுந்துடுச்சு, உள்ள இருக்கறது வேகமா ஆவியாகுதுன்னு அர்த்தம். அலாரம் பொய் சொல்லல, அதுக்குத் தெரிஞ்சதை அது சொல்லிக்கிட்டு இருந்தது. இது எனக்குத் தெரிஞ்சிருக்கணும், தெரியும். ஆனா அன்னைக்கி வெளியே புழுக்கமா இருந்தது, என் சட்டையும்தான் நனைஞ்சிருந்தது. இடுப்புல சொருகியிருந்த துணியை எடுத்து டேங்க்கைத் துடைச்சேன். துடைச்சுட்டு லைட்டை அணைச்சேன். அந்த மூணு நாள்ல ஒரு நாள் போய்ப் பாத்திருக்கலாம், சாவி என்கிட்டதான் இருந்தது. திங்கட்கிழமை நாம நாலு பேரும் கடலுக்குப் போனோம். நான் பேண்ட்டை மடிச்சு விட்டுக்கிட்டு அலையில நின்னு சிரிக்கற மாதிரி ஒரு போட்டோ, அதை நீ அங்க ஹால்ல மாட்டி வெச்சிருக்க. வீடியோவுல நீ அந்தப் படத்துக்கு முன்னாடி உக்காந்து பேசும்போது நான் வேற பக்கம் பாக்கறது கண் கூசறதால இல்ல.

செவ்வாய்க்கிழமை காலையில எட்டரை மணிக்கு லேப் அம்மா மூடியைத் திறந்தாங்க. புகை வரல. நான் குச்சியை விட்டு எடுத்தேன், காய்ஞ்சு வந்தது. இன்னொரு தடவை விட்டேன், அடியில தட்டற சத்தம் கேட்டுது. லேப் அம்மா அப்படியே தரையில உக்காந்துட்டாங்க, புதுப் பெயிண்ட் வாசனை மட்டும் அடிச்சுது. பதினொரு தம்பதிங்களோடது பாப்பா. பெரிய டாக்டர் வந்தாரு, கதவை மூடினாரு. அப்பறம், எல்லாருக்கும் ஒரே நாள்ல சொன்னா இந்த இடத்தை மூடிட வேண்டியதுதான், அவங்கவங்க முறை வரும்போது உருக்கினதுல பிழைக்கலன்னு சொல்லிக்கலாம், அது சாதாரணமா நடக்கறதுதானேன்னு சொன்னாரு. அலாரம் நல்லா வேலை செஞ்சுதுன்னு ஒரு பேப்பர் என் முன்னாடி வந்தது, கையெழுத்துப் போட்டேன். உனக்கு அப்ப பரீட்சை, உன் தம்பிக்கு ஸ்கூல், அப்படின்னெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன், ஆனா உங்க ரெண்டு பேர் மேல பழியைப் போடக் கூடாது, பயந்துதான் போட்டேன். வேற டேங்க் வந்தது. அந்த ஆறு தூக்கையும் அப்படியே அதுல மாத்தி, மேல நைட்ரஜன் ஊத்தினேன். எட்டு மாசம் வாரம் ரெண்டு தடவை ஊத்தினேன். திறந்தா புகை வரும், குச்சி வெள்ளையா வரும், நோட்டுல அளவு எழுதுவேன், எல்லாம் ஒழுங்கா இருக்கும். அதுங்களை உயிர்னு சொல்றதா வேற என்னன்னு சொல்றதான்னு எனக்கு இன்னைக்கும் தெரியாது. ஆனா இல்லாம போனதை நான் எட்டு மாசம் கெடாம பாத்துக்கிட்டேன், அது மட்டும் தெரியும்.

ஆகஸ்ட்ல தையல்காரம்மா முறை வந்தது. நான் காரிடார்ல ஏணி போட்டு ஏசி ஃபில்டரைக் கழட்டிக்கிட்டு இருந்தேன். அவங்களும் அவங்க வீட்டுக்காரரும் டாக்டர் ரூம்ல இருந்து வெளியே வந்தாங்க. அவர் பையைப் பிடிச்சுக்கிட்டு லிஃப்ட் பக்கம் போயிட்டாரு. அவங்க மட்டும் என் ஏணிக்குக் கீழ வந்து நின்னாங்க. அண்ணே, நடுவுல கரண்ட் கிரண்ட் எதாவது போச்சான்னு கேட்டாங்க. நான் மேல இருந்தே, இல்லம்மான்னு சொன்னேன். கரண்ட் போகலதான். சொன்ன ஒரு வார்த்தையும் பொய் இல்ல, அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் இத்தனை நாள் நடமாடினேன். போன மாசம் மிஷின் தலையைத் தூக்கிக்கிட்டு மாடி ஏறினேன், அதனால இருக்குமோன்னு அவங்களுக்குள்ளயே கேட்டுக்கிட்டாங்க. நான் ஃபில்டரைத் தட்டினேன். தூசி அவங்க தோள் மேல விழுந்தது, அவங்க துடைக்கல. நவம்பர்ல முதுகு வலின்னு சொல்லி வேலையை விட்டேன், எனக்கு முதுகு வலியே வந்ததில்ல.

பதினாலு வருஷம் ஆச்சு. பெரிய டாக்டர் போய்ச் சேர்ந்துட்டாரு, லேப் அம்மா எங்க போனாங்கன்னு தெரியல, அந்தக் கட்டடத்துல இப்ப பல் டாக்டரும் கண்ணாடிக் கடையும் இருக்கு. தையல்காரம்மா கடை எங்க இருக்குன்னு மட்டும் எனக்கு எப்பவும் தெரியும், லாண்டரிக்குப் பக்கத்துல. அந்தத் தெரு வழியா போனா பஸ் ஸ்டாப் நாலு நிமிஷம், நான் சுத்திக்கிட்டுப் பன்னெண்டு நிமிஷம் நடப்பேன், கேட்டா நடக்கறது சர்க்கரைக்கு நல்லதுன்னு சொல்லுவேன். நீ போன் பண்ணின அன்னைக்கி மத்தியானம் சாப்பிட உக்காந்தேன், நீ எங்கயோ ஒரு ஊர்ல ஒரு பெஞ்சுல உக்காந்திருக்கற மாதிரியும், உனக்கு மேல ஏணியில ஒருத்தன் நிக்கற மாதிரியும் பட்டப்பகல்ல கண்ணுக்குத் தெரிஞ்சுது. அவன் மூஞ்சி எனக்குத் தெரியல. மறுநாள் பதினொரு மணிக்கு அந்தக் கடைக்குப் போனேன்.

ஒரு மிஷின், ஒரு மேஜை, சுவர்ல கலர் கலரா நூல்கண்டு, அவ்வளவுதான் கடை. அவங்க தலை முழுக்க நரைச்சுடுச்சு, கண்ணாடி போட்டிருக்காங்க. என்ன ஆல்டர் பண்ணணும்னு கேட்டாங்க. என் கையில துணி இல்ல. நான் அந்த ஆஸ்பத்திரியில ஏசி பாத்தவன்மான்னு சொன்னேன். கண்ணாடிக்கு மேல பாத்துட்டு, அட, குளிர் அண்ணனான்னு சந்தோஷமா கேட்டாங்க. அந்தச் சந்தோஷத்தைப் பாத்துக்கிட்டே நான் சொல்ல வேண்டியதாப் போச்சு. வயரைக் கழட்டினது, டேங்க் வேர்த்தது, துடைச்சது, மூணு நாள், காய்ஞ்ச குச்சி, எல்லாம் சொன்னேன். மிஷின் சக்கரத்து மேல வெச்ச கையை அவங்க எடுக்கல. எந்த மாசம்னு கேட்டாங்க, மார்ச்சுன்னு சொன்னேன். இன்னொரு கை விரலை மடிச்சு எண்ணிட்டு, அப்ப அதுக்கப்பறம் அஞ்சு மாசம் நான் எதுக்கு மாத்திரை சாப்பிட்டேன், எதுக்கு ஊசி போட்டுக்கிட்டேன்னு கேட்டாங்க. அந்த நேரம் பாத்து ஒருத்தர் பேண்ட் நீளம் குறைக்கக் கொண்டு வந்தாரு. அவங்க எழுந்து அளந்து, சாக்பீஸால கோடு போட்டு, ஒண்ணரை இஞ்சு போதுமா, வியாழக்கிழமை வாங்கிக்கோங்கன்னு நிதானமா சொல்லி அனுப்பிட்டு வந்து உக்காந்தாங்க. அப்பறம் சொன்னாங்க, உன் முட்டையில சத்தில்லன்னு அந்த டாக்டர் சொன்னாரு, பதினாலு வருஷமா நான் இந்த உடம்பைத்தான் திட்டிக்கிட்டு இருக்கேன், என் வீட்டுக்காரர் போறதுக்கு முந்தின நாள்கூட, என்னைக் கட்டினதால உங்களுக்குப் பிள்ளை இல்லாம போச்சுன்னு அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டேன், அவரும் பரவாயில்ல விடுன்னு சொல்லிட்டுப் போயிட்டாருன்னு. லாண்டரியில இருந்து நீராவி சத்தம் வந்துக்கிட்டே இருந்தது.

பில் புக்கைத் திருப்பி என் முன்னாடி வெச்சு, வாயால சொன்னது எனக்கு வேணாம், எழுதிக் குடுங்கன்னு சொன்னாங்க. எழுதினேன், மூணு பக்கம் வந்தது. ரெண்டு தடவை படிச்சாங்க. ஒரு இடத்துல தேதி விட்டுப்போயிருந்ததைக் காட்டிப் போடச் சொன்னாங்க. அப்பறம், நான் உங்களை மன்னிக்கல அண்ணே, நீங்களும் கேக்கல, அது வரைக்கும் சரின்னு சொன்னாங்க. இப்ப ஏன் வந்தீங்கன்னு கேட்டதுக்கு உன்னைப் பத்திச் சொன்னேன். அவகிட்ட சொல்லிட்டீங்களான்னு கேட்டாங்க. இல்லன்னேன். கடையில இருந்து நேரா வீட்டுக்குப் போய் அவளுக்குச் சொல்லுங்க, என்கிட்ட சொன்னதால எனக்கு எதுவும் திரும்பி வராது, அவளுக்காவது உதவட்டும்னு சொன்னாங்க. நேரா வரல, பார்க்ல ரெண்டு மணி நேரம் உக்காந்துட்டுத்தான் வந்தேன், வந்தும் ஒன்பது நாள் கழிச்சுத்தான் எழுதறேன். உன் அப்பா எவ்வளவு துணிச்சல்காரன்னு இதுல இருந்தே கணக்குப் போட்டுக்கோ.

முதல்ல உன் அம்மாகிட்டதான் சொன்னேன். துணி மடிச்சுக்கிட்டு இருந்தா, மடிச்சுக்கிட்டே கேட்டா. முடிச்சதும், அந்த வருஷம் நீங்க சோத்துல கை வெச்சுட்டு எழுந்து எழுந்து போவீங்களே, எனக்கு அப்ப வேற பொம்பளை சகவாசமோன்னு சந்தேகம், உங்க சட்டைப் பையெல்லாம் தேடியிருக்கேன், அதுவா இருந்திருந்தா திட்டித் தீத்திருப்பேன், இதை என்ன பண்றதுன்னு கேட்டா. ரெண்டு நாள் உப்பு வேணுமா, மாத்திரை போட்டாச்சா, அவ்வளவுதான் பேச்சு. மூணாவது நாள் காலர் நைஞ்சுபோன என் சட்டை ஒண்ணை எடுத்துக்கிட்டு, முட்டி வலியோட அந்தக் கடைக்குத் தனியா போனா. மத்தியானம்தான் திரும்பி வந்தா. என்ன பேசினீங்கன்னு கேட்டேன். காலரைத் திருப்பித் தெச்சுட்டாங்க, நல்லா இருக்குன்னு மட்டும் சொன்னா. கண்ணு ரெண்டும் வீங்கியிருந்தது. இனிமே உன்கிட்ட தூக்கினியா ஏறினியான்னு கேக்கமாட்டா. அதை அவளே உன்கிட்ட சொல்லணும்னு இருக்கா, நீ தெரியாத மாதிரி இரு.

இப்ப நீ கேட்டதுக்கு வர்றேன். நூத்துக்கு எழுபது பேருக்கு நிக்குதுன்னு எவனாவது சொன்னா, யாரைக் கணக்குல எடுத்தீங்க, ஆரம்பிச்ச எல்லாரையுமா இல்ல கடைசி வரைக்கும் வந்தவங்களை மட்டுமான்னு கேளு. சுவர்ல இருக்கற குழந்தைப் படத்தைப் பாக்காத. டேங்க் ரூம் கதவு வரைக்குமாவது கூட்டிட்டுப் போகச் சொல்லு. அளவு எழுதற நோட்டைக் கேளு, லீவு நாள்ல எழுதியிருக்கான்னு பாரு, எல்லா நாளும் ஒரே பேனாவுல ஒரே சாய்வுல எழுதியிருந்தா அது ஒரே நாள்ல உக்காந்து எழுதினது, எனக்குத் தெரியும். ஞாயித்துக்கிழமை அலாரம் அடிச்சா யார் வருவாங்க, வீடு எவ்வளவு தூரம்னு கேளு, எங்க சிஸ்டம் பாத்துக்கும்னு சொன்னா ஆளைக் காட்டச் சொல்லு. உங்களோடதை ஒரே டேங்க்ல வைக்காம ரெண்டுல பிரிச்சு வைப்பாங்களான்னு கேளு. இதெல்லாம் கேட்டா மூஞ்சி சுளிப்பாங்க, மாப்பிள்ளை வேற ஏன் இப்படிக் குடையறன்னு பாப்பாரு, பரவாயில்ல. கடைசியா மூணு இடத்துலயும், உங்ககிட்ட எப்பவாவது தப்பு நடந்திருக்கான்னு கேளு. எங்ககிட்ட அப்படி நடந்ததே இல்லன்னு சொல்ற இடத்துக்குப் போகாத. நீ அடிச்சு விட்ட அந்த மூணாவது இடத்துக்கு நான் சொல்றேன்னு இன்னொரு மெயில் போடு. அவங்க எத்தனை பேருக்குச் சொன்னாங்க, எத்தனை நாளைக்குள்ள சொன்னாங்க, அதுக்கப்பறம் என்ன மாத்தினாங்கன்னு கேளு. பதில் நாலு நாள் கழிச்சு வந்தாலும் பொறுத்துக்கோ. அந்த ரிசப்ஷன் அம்மா கடுகடுன்னு சொன்ன ஒரு வாக்கியத்தை எங்க ஆஸ்பத்திரியில இனிக்க இனிக்கப் பேசின ஒருத்தரும் பதினொரு பேர்ல ஒருத்தருக்குக்கூடச் சொல்லல. முடிவு உங்க ரெண்டு பேரோடது. இப்படிப்பட்ட ஆள் பேச்சை எதுக்குக் கேக்கணும்னு உனக்குத் தோணினா அதுவும் நியாயம்தான், அப்பவும் அந்தக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கோ. எந்த இடமா இருந்தாலும், நிக்கலன்னு சொன்னா உடனே உன் உடம்பைத் திட்ட ஆரம்பிக்காத.

இன்னும் ஒண்ணு இருக்கு. தையல்காரம்மாவோட அண்ணன் மக வக்கீல். நான் எழுதிக் குடுத்ததை வெச்சு அவங்க மத்தவங்களைத் தேடறாங்க, இது வரைக்கும் நாலு பேர் கிடைச்சிருக்காங்க. வர்ற வெள்ளிக்கிழமை வக்கீல் ஆபீஸ்ல எல்லாரும் வர்றாங்க, நானும் போய் அவங்க முன்னாடி நின்னு சொல்லணும். கோர்ட் வரைக்கும் போகலாம், என் பேர் வெளியே வரலாம். யாராவது உன்கிட்ட கேட்டா எனக்காகப் பரிஞ்சு பேசாத, அப்பா சொன்னாரு, உண்மைதான்னு மட்டும் சொல்லு. உன் தம்பிக்கும் அதேதான் சொல்லியிருக்கேன், அவன் காரைத் துடைக்கற மாதிரி வெளியே போய் ரொம்ப நேரம் நின்னான். நேத்து அந்த நாலு பேர்ல ஒருத்தர் எனக்கு போன் பண்ணினாரு, ஸ்கூல் வாத்தியார், இப்ப ரிட்டயர் ஆகிட்டாராம். கத்துவாரு, கத்தட்டும்னு இருந்தேன். கத்தல. எங்களோடது அதுல எந்த இடத்துல இருந்ததுன்னு ஞாபகம் இருக்கான்னு கேட்டாரு. எனக்குப் பதினொண்ணும் ஞாபகம் இருக்கு பாப்பா, எந்தத் தூக்கு, மேலயா கீழயா, என்ன கலர் மூடின்னு, மறக்கணும்னு பாத்து ஒண்ணுகூடப் போகல. நாலாவது தூக்கு சார், மேல் வரிசை, ஜன்னல் பக்கம், ரெண்டு குழல், மஞ்சள் மூடின்னு சொன்னேன். ஜன்னல் பக்கமான்னு திருப்பிக் கேட்டாரு. ஆமான்னேன். பக்கத்துல இருந்த அவங்க வீட்டம்மாகிட்ட, ஜன்னல் பக்கமாம்னு அவர் சொல்றது எனக்குக் கேட்டுது. அப்பறம் வெள்ளிக்கிழமை பாப்போம்னு சொல்லி வெச்சுட்டாரு.

எங்க ரெண்டு பேரோட ஆசீர்வாதம் உங்க ரெண்டு பேருக்கும் முழுசா உண்டு. குழந்தை வந்தா கொண்டாடுவோம், வராட்டியும் நீ எங்களுக்கு எந்தக் குறையும் வெச்ச பிள்ளை இல்ல. குளிர் அதிகம்னு சொன்ன, காதை மூடிக்கிட்டு வெளியே போ. இதைப் படிச்சுட்டு உடனே போன் பண்ணணும்னு இல்ல, என்கிட்ட பேசத் தோணும்போது பண்ணு, அது எத்தனை நாளானாலும் நான் வீட்லதான் இருப்பேன். ஒண்ணு மட்டும் மறந்துடாத, நீங்க எந்த இடத்துக்குப் போனாலும், குழல்ல ஒட்டற சீட்டுல உங்க பேரை எழுதும்போது பக்கத்துல நின்னு, எழுத்துக் கூட்டிப் படிச்சுப் பாத்துட்டு அப்பறமா வெளியே வா.

இப்படிக்கு,
உன் அப்பா